திருப்பதிச் சாலையில் முதியவருக்கு முன்னிருக்கை

முதிய தாயையோ தந்தையையோ வண்டியில் அழைத்துக்கொண்டு வேலூர் வழியாகவோ திருத்தணி வழியாகவோ திருப்பதிக்குப் போவது வட தமிழகக் குடும்பங்களின் ஆண்டு வழக்கம். அப்பயணத்தின் திட்டம் முழுவதும் பிள்ளைகளுடையது. தரிசன நேரம், தங்கும் அறை, வேளைக்குரிய மாத்திரை, தூய கழிப்பறையுள்ள உணவகம் என ஒவ்வொன்றும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. வழியைக் கைப்பேசி சொல்கிறது. முதியவர் பின்னிருக்கையில், தலையணையும் தண்ணீர்ப் புட்டியும் சூழ, பத்திரமாக அமர்த்தப்படுகிறார். அவர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் ஆகிவிட்டார். எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளத் தக்கவராக அவரை யாரும் கருதுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் அன்புக்குக் குறைவில்லை. அறிவுக்குத்தான் இழப்பு நேர்கிறது. சித்தூர், திருப்பதிப் பகுதியின் மலைகளுக்கும் வயல்களுக்கும் ஊர்களுக்கும் இரு மொழிகளிலும் பெயர் சொல்லத் தெரிந்த தலைமுறை, பேச்சுக் கொடுப்பார் இல்லாமல் அதே சாலையில் மௌனமாகப் பயணம் செய்கிறது. எல்லைப்புறத் தமிழையும் தெலுங்கையும் ஆராய்வோர் களப்பணிக்கு நிதி தேடி அலைகையில், அக்களத்தின் தலைசிறந்த தகவலாளர் தம் வீட்டு வண்டியிலேயே கண்ணயர்ந்து கிடக்கிறார் என்பதே இப்பதிவு சொல்லவரும் செய்தி.

இந்தச் சாலை ஏன் தனித்து நிற்கிறது என்பதை வரலாறு சொல்லும். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், பட்டாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

பட்டாஸ்கர் ஊரை அலகாகக் கொண்டார். மொழிப் பெரும்பான்மையும் நிலத் தொடர்ச்சியும் அவருக்கு அளவுகோல்களாயின. நிர்வாகத்துக்கு அத்தகைய கோடு தேவை. ஆனால் அந்த அளவுகோலின் அடியில் ஒருவருக்கு ஒரு தாய்மொழி என்ற கணக்கெடுப்பின் அனுமானம் இருக்கிறது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசியவர், தாய்வழியில் ஒரு மொழியும் மாமியார் வீட்டில் மற்றொரு மொழியும் பழகியவர், இரு மொழிகளிலும் கடன் கொடுத்து வாங்கியவர் ஆகியோர் கணக்கேட்டில் ஏதேனும் ஒரு பக்கத்தில்தான் எழுதப்பட்டனர். அந்தக் கோடு வரையப்பட்டபோது பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எழுபதின் நடுவயதைத் தொட்டிருக்கிறார். கோட்டுக்கு முந்தைய வாழ்வைத் தம் காதால் கேட்டவர்களில் கடைசி வரிசையினர் இவர்கள்.

இவர்களிடம் இருக்கும் அறிவு எத்தகையது என்பதைச் சாலையோர வயல்களைக் கொண்டே விளக்கலாம். வேலூரிலிருந்து சித்தூரும், சித்தூரிலிருந்து புதலப்பட்டு, பாகாலை, சந்திரகிரி வழியாகத் திருப்பதியும் செல்லும் வழியில் மாந்தோப்புகளும் கரும்பும் வேர்க்கடலையும் மாறி மாறி வருகின்றன. சித்தூர்ப் பகுதியின் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு முதன்மையான சரக்கு தோத்தாபுரி மாங்காய். தமிழர் அதன் வளைந்த நுனியைக் கண்டு கிளிமூக்கு என்றனர். ஆந்திரப் பக்கத்தில் அதற்குக் கலெக்டர் என்றொரு பெயர் உண்டு. பெங்களூரா என்னும் பெயர் இரு பக்கத்திலும் செல்லும். எந்தப் பெயரை யாரிடம் எந்தச் சந்தையில் சொன்னார்கள் என்பது அகராதியில் கிடைப்பதன்று. அதை விற்றவருக்கும் வாங்கியவருக்குமே அது தெரியும்.

வேர்க்கடலை இன்னும் தெளிவான சான்று. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். எனவே அதற்கான பெயர்கள் பயிர் வந்த பிறகே பிறந்திருக்க வேண்டும். தமிழில் வேர்க்கடலை, தெலுங்கில் வேருசனக. இரண்டிலும் முதற்பகுதி வேர். இரண்டாம் பகுதி அந்தந்த மொழியில் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல். ஒரே உருவகம் இரு மொழிகளிலும் அச்சுப் பிசகாமல் அமைந்திருக்கிறது. எது முந்தியது என்பதை ஆவணங்கள்தாம் சொல்ல வேண்டும். ஆயினும் இரு மொழிகளையும் ஒருங்கே அறிந்த நாவுகள் இடையில் இருந்தன என்பதற்கு இதைவிட எளிய சான்று அரிது. அதே பயிரைத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்வர். கப்பலேறி வந்த வழி ஒரு பெயரிலும், விளையும் விதம் மற்றொரு பெயரிலும் பதிந்திருக்கின்றன.

கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைத்த கருவியைத் தமிழில் கவலை, கமலை, கபிலை என வட்டாரந்தோறும் வெவ்வேறாகச் சொல்வர். தெலுங்கில் அது கபில, கன்னடத்தில் கபிலெ. பம்புசெட்டு வந்தபின் அக்கருவி மறைந்தது. கருவி மறைந்தால் அதன் உறுப்புகளின் பெயர்களும், மாட்டை முன்னும் பின்னும் நடத்தியவர் எழுப்பிய ஒலிகளும், இறைப்பின் அளவுச்சொற்களும் உடன் மறைகின்றன. தோட்டத்து மூலையில் பாழடைந்து கிடக்கும் ஒரு கவலைக்கிணறு இளையவர் கண்ணுக்கு வெறும் பள்ளம். முதியவருக்கோ அது நாற்பது ஐம்பது சொற்களின் இருப்பிடம்.

இத்தகைய சொற்களைத் திரட்டும் முயற்சி இரு பக்கத்திலும் நடந்திருக்கிறது. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி 1962இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் பதிப்பில் வெளியிட்ட வேளாண் தொழிற்சொல்லகராதி இந்திய மொழிகளில் முன்னோடி முயற்சி. தமிழில் கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பின்னர் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி வந்தது. சித்தூர் வட்டாரத் தெலுங்கை நாமினி சுப்பிரமணியம் நாயுடு தம் கதைகளில் தயக்கமின்றி எழுதினார். இவை யாவும் மதிக்கத்தக்க பணிகள். ஆயினும் இவை ஒவ்வொன்றும் ஒரு மொழிக்குள் நின்று செய்யப்பட்டவை. எல்லைப்புற மனிதர் ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளுக்கும் இடையே நடமாடிய திறனைப் பதிவு செய்வது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காண வேண்டும் என்று எழுதிய கட்டுரை வகுப்பறைகளில் தவறாமல் படிக்கப்படுகிறது. அந்தப் பரப்பு உண்மையில் வாழ்ந்தது தனி மனிதரின் நாவில்தான் என்பது தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது.

ஊர்ப்பெயர்களின் நிலையும் இதுவே. சித்தூர், புத்தூர் என்னும் ஊரீற்றுப் பெயர்கள் இரு மொழிக்கும் அயலானவை அல்ல. காணிப்பாக்கம் என்று தமிழர் வழங்குவதைத் தெலுங்கர் காணிப்பாகம் என்பர். அதைத் தொண்டை நாட்டின் எண்ணற்ற பாக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. தேவாரம் பாடிய காளத்தி இன்று பலகைகளிலும் தமிழ் நாளிதழ்களிலும்கூட ஸ்ரீகாளஹஸ்தியாக மட்டுமே நிற்கிறது. காளத்தி என்று இயல்பாகச் சொல்லும் வாய்கள் குறைந்துவருகின்றன. புத்தூரின் பெயர் வேறொரு வழியில் தமிழகம் முழுதும் பரவியது. எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு என்ற பலகையைச் சென்னையின் எத்தனையோ தெருக்களில் காணலாம். கட்டு என்ற சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது என்பதால், அந்த வைத்தியம் எல்லை தாண்டி வந்தபோது பெயரை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. புத்தூருக்கும் திருத்தணிக்கும் இடையே நகரி மலை எழுந்து நிற்கிறது. நகரி மூக்கு எனப்படும் அதன் முகடு வங்கக் கடலிலிருந்தே தெரிவதால் மாலுமிகளுக்கு அது அடையாளமாக இருந்தது. ஒரு முகத்தை அந்தப் பாறையில் முதலில் கண்டவர் யாரென்று தெரியாது. ஆனால் பிள்ளைக்கு அதைச் சுட்டிக்காட்டும் பழக்கம் ஒரு தலைமுறையில் நின்றால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பாறை.

திருமலையில் இந்த இருமொழித்தன்மை உச்சம் பெறுகிறது. அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. அன்னமாச்சாரியாரின் பாடல்களோ தெலுங்கில் செப்பேடுகளில் காக்கப்பட்டன. தமிழர் ஏழுமலையான் என்று விளிப்பவரைத் தெலுங்கர் ஏடுகொண்டலவாடு என்கின்றனர். சொல் வேறு, கட்டமைப்பு ஒன்று. அலிப்பிரியிலிருந்து ஏறும் 3,550 படிகளில் மிகச் செங்குத்தான பகுதிக்குத் தமிழ் அடியார்கள் முழங்கால் முறிச்சான் என்று பெயரிட்டனர்; தெலுங்கில் அது மோகாள்ள மெட்டு. இரு மொழியினரும் அந்த இடத்தில் தம் முழங்காலைத்தான் முதலில் நினைத்தனர். இரு பெயர்களும் ஒரே உடல் அனுபவத்திலிருந்து பிறந்தவை.

முதல் மலைப்பாதை 1944இலும் இரண்டாவது 1974இலும் திறக்கப்பட்டன. முழங்கால் தேய்ந்தவர் வண்டியில் ஏற முடிவது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் படிவழியின் பெயர்கள் வண்டிவழியில் வருவதில்லை. இளமையில் நடந்து ஏறியவர் முதுமையில் வண்டியில் ஏறும்போது, தாம் காணாத படிகளின் பெயர்களை நினைவில் சுமந்துகொண்டு வளைவுகளைக் கடக்கிறார். அவற்றை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையென்றால் அவை அவரோடு கீழே இறங்கிவிடும்.

இவற்றை வீட்டிலேயே நிதானமாகக் கேட்கலாமே, பயணம் எதற்கு என்று வினவலாம். முதுமையில் பெயர்கள் நாநுனியில் வந்து நின்றுவிடும் இயல்பு உளமொழியியலில் நன்கு ஆராயப்பட்டது. டெபோரா பர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, முதியோருக்கு இத்தடுமாற்றம் மிகுதி என்பதையும் சிறப்புப் பெயர்களில் அது கூடுதலாக நேர்கிறது என்பதையும் காட்டியது. கற்ற இடத்திலேயே நினைவு எளிதில் மீளும் என்பதற்கு காடனும் பேட்லியும் 1975இல் முக்குளிப்போரை வைத்துச் செய்த சோதனை வழக்கமாக மேற்கோளாகிறது; 2021இல் அதை மீண்டும் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இடம் நினைவை மந்திரம்போல் மீட்கும் என்று வாதிட வேண்டியதில்லை. வாதம் அதைவிட எளியது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய சொற்களைச் சொல்லுங்கள் என்றால் எவரும் திகைப்பர். கேள்வியின் வரிசை கேட்பவருடையதாக இருப்பதே காரணம். சாலையில் அந்த வரிசையை நிலம் அமைத்துத் தருகிறது. ஏரி வருகிறது, தோப்பு வருகிறது, கரும்பாலை வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. கேட்பவர் முன்னறியாத கேள்விகளும் அதில் உண்டு. கீத் பாசோ மேற்கு அப்பாச்சி மக்களிடையே செய்த ஆய்வும் இத்தகையதே. 1996இல் நூலாக வந்த அந்த ஆய்வில், முதியோரோடு நிலத்தின் மீது செல்கையிலேயே இடப்பெயர்களின் பொருளும் அவை தாங்கும் அறமும் துலங்கின.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். மூன்றும் பதில் சொல்லத் தக்கவை.

முதலாவது, தாயும் தந்தையும் தரவு அல்லர், இறைவனைக் காணப் போகும் வழியில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவது முறையன்று என்பது. இது நியாயமான மறுப்பு. பெற்றவரிடம் ஒப்புதல் பெறுவது அயலாரிடம் பெறுவதைவிடக் கடினம். அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்பதே அதன் சிக்கல். எனவே முதல் பயணத்தில் கருவியே வேண்டாம். மகனாகவோ மகளாகவோ கேட்டால் போதும்: "அம்மா, இந்த ஊரை உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?" சொன்னதை இரவில் எழுதி, மறுநாள் அவரிடமே படித்துக்காட்டி, எது வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்பதே முறை. குடும்பப் பகையும் கடனும் திருமணத் தகராறும் ஊர்ப்பெயர்களோடு பின்னியே வரும். அவற்றை விலக்கும் உரிமை சொன்னவருடையது.

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது. தமிழ்ப் பெயர்களைத் தேடுவது பழைய எல்லைப் பூசலுக்கு எண்ணெய் வார்க்கும் என்பர். ஒரு பக்கச் சொற்களை மட்டும் திரட்டினால் அது நேரலாம். ஆனால் இந்த முதியவர்களின் பேச்சு எந்த உரிமைக் கோரிக்கைக்கும் வசதியான சான்றாகாது. திருத்தணியிலும் குடியாத்தத்திலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நகரியிலும் சித்தூரிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. சென்னைத் தமிழின் நைனா தெலுங்கிலிருந்து வந்தவர். திருமலை என்ற பெயரைத் தெலுங்கு தமிழ் வடிவிலேயே ஏற்றுக்கொண்டது. இந்நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தர இயலாதவர்களே இதை நன்கு அறிந்தவர்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் தம் பெற்றோரிடம் இதையே கேட்டு எழுதினால்தான் பணி முழுமையடையும்.

மூன்றாவது, முதியோர் சொல்லும் பெயர்க்காரணங்கள் நம்பத்தக்கவை அல்ல என்பது. உண்மைதான். அலிப்பிரி என்பது மலையடியில் நின்ற புளியமரத்தால் அடிப்புளி எனப்பட்டு மருவியது என்பர். இது நாட்டார் சொற்பிறப்பு விளக்கத்தின் சாயல் உடையது. கல்வெட்டு வடிவங்களோடு ஒப்பிடாமல் எதையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கம் தவறாயிருந்தாலும் பயன்பாடு மெய். எந்தப் பெயரை, எந்த ஒலிப்பில், எவரோடு பேசும்போது வழங்கினார்கள் என்பதில் அவர்களே முதல் ஆதாரம். கல்வெட்டுக்கு இல்லாத ஒலிப்பு அவர்களிடம் இருக்கிறது.

காலம் குறைவு என்பதற்குச் சாலையே சாட்சி. சித்தூரையும் தச்சூரையும் இணைக்கும் ஆறுவழிச்சாலையும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் வயல்களின் ஊடே புதிய தடங்களைப் போடுகின்றன. விரைவுச்சாலை ஊரைத் தொடாது. பெயர் வெளியேறும் பலகையில் மட்டும் வரும். கைப்பேசியின் குரலோ ஆங்கில எழுத்துக்கூட்டிலிருந்து பெயரைப் படிக்கிறது. லகர ளகர வேறுபாடும் நெடிலும் குறிலும் அதில் கரைந்துபோகின்றன. இன்றைய பிள்ளைகள் வீட்டுமொழியும் ஆங்கிலமும் கற்கிறார்கள். அண்டை மொழி பாடத்திட்டத்திலும் இல்லை, விளையாட்டுத் தெருவிலும் இல்லை. இரு மொழிகளையும் எழுத்தின்றிக் காதால் கற்ற தலைமுறைக்குப் பின் அத்தகைய தலைமுறை வருமென்று நம்ப இடமில்லை.

செய்ய வேண்டியவை சிறியவை. முதியவரை முன்னிருக்கையில் அமர்த்தலாம்; அங்கிருந்துதான் நிலம் தெரியும், காது மந்தமானவருக்கும் ஓட்டுபவரின் பேச்சு கேட்கும். நேரம் அனுமதித்தால் ஒருவழியிலேனும் பழைய சாலையில் போகலாம். கைப்பேசியின் குரலை நிறுத்திவிட்டு, வழியை அவரிடம் கேட்கலாம். அவர் தவறாகச் சொன்னாலும் இழப்பு அரைமணி நேரம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கால் நீட்டவும் தேநீர் குடிக்கவும் விடலாம். கடைக்காரரோடு அவர் எந்த மொழியில் பேசத் தொடங்குகிறார், எங்கே மாற்றுகிறார் என்பதைக் கவனிக்கலாம். மொழித் துறைகள் தம் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவத்தின் களப்பணியாக இதையே வைக்கலாம்: எல்லைப்புறத்தில் உறவினர் உள்ள ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரோடு ஒரு வழித்தடம், ஐம்பது பெயர்கள், இரு மொழி ஒலிப்புகள். வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் திருப்பதியிலும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூர்ப் பக்கத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு வண்டியில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இப்பணியை இரு துறைகளும் பகிர்ந்து செய்யத் தடையாக நிற்பது நிதியன்று.

முதுமை என்பது ஒருவரிடமிருந்து முடிவெடுக்கும் உரிமைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும் காலம். பணம் பிள்ளையிடம், மருந்து மருமகளிடம், நேரம் மருத்துவரிடம் போய்விடுகின்றன. இந்த நூறு கிலோமீட்டரில் மட்டுமேனும் வண்டியில் உள்ள எவருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்பது ஆய்வுக்கு நன்மை. ஆய்வு எதுவும் எழுதப்படாமல் போனாலும், அம்மா சொல்ல மற்றவர் கேட்டபடி ஒரு மலையைக் கடந்த பயணமாக அது இருக்கும்.